பெட்டிக்குள் பூனை: தாழ்ப்பாள் யார் கையில்?



என்னிடம் படித்து, இப்போது சென்னையில் வேலை பார்க்கும் ஒரு மாணவி போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். வீட்டுக்குப் புதிதாக ஒரு பூனை வந்திருக்கிறதாம். அதற்கென்று நல்ல விலையில் ஒரு மெத்தை வாங்கினார்களாம். பூனை மெத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெத்தை வந்த அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சுருண்டுகொண்டதாம். "சார், பூனைக்குப் பெட்டின்னா ஏன் இவ்வளவு ஆசை? இதுக்கு வரலாறு ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருந்தாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்தியவனிடம் இப்படிக் கேட்டால் இரண்டு வரியில் விடுவேனா? கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். மணி அடித்து உங்களைக் காப்பாற்ற இங்கே யாரும் இல்லை.

முதலில் பூனையின் பூர்வீகத்தைப் பார்ப்போம்.

நம் வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஃபெலிஸ் லிபிகா என்ற காட்டுப்பூனை. உலகின் பல பகுதிகளிலிருந்து 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த உறவை உறுதி செய்தது. இந்தக் காட்டுப்பூனை தனியாக வாழ்ந்து தனியாக வேட்டையாடுவது. எலிக்கும் பல்லிக்கும் அது எமன். ஆனால் ஓநாய்க்கும் பெரிய கழுகுக்கும் அதுவே இரை. ஆகவே இரை பிடிக்கவும் ஒளிய வேண்டும், தானே இரையாகாமல் இருக்கவும் ஒளிய வேண்டும். ஆபத்து வந்தால் ஓநாய்க்குக் கூட்டம் இருக்கிறது. பூனைக்கு அப்படி யாரும் கிடையாது. அதன் கூட்டமெல்லாம் ஒரு பாறை இடுக்கோ மரப்பொந்தோ தான். முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு முன்னால் ஒரே ஒரு வாசல். அந்த வாசலை மட்டும் கவனித்தால் போதும்.

இப்போது ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பாருங்கள். அதே பாறை இடுக்கு!

இன்னொரு காரணம் கதகதப்பு. உடல் சூட்டைக் காக்கக் கூடுதல் சக்தி செலவழிக்காமல் பூனை சுகமாக இருக்க, சுற்றுப்புறம் 30 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். நாம் மின்விசிறியைத் தேடும் சூடு அதற்கு இதமான சூடு. நெளிவு அட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவே காற்று அடைபட்டிருக்கிறது. அது பூனையின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ஏசி போட்ட வீட்டில் பூனை பெட்டியைத் தேடுவதில் வியப்பில்லை.

நம் பாட்டிமார்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். பரண் மேல், விறகு அடுக்கின் இடுக்கில், நெல் குதிருக்குப் பின்னால் என்று பூனை குட்டி போடும் இடங்களை அவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். "குட்டியைத் தொடாதே, ஏழு இடம் மாத்தும்" என்று நம்மை விரட்டுவார்கள். ஏழு என்பது கணக்கல்ல. பூனை தன் மறைவிடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் என்பதுதான் அதில் உள்ள சேதி. இந்தத் 'தானே' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூனையும் பெட்டியும் சேர்ந்த வரலாறு முழுக்க இந்தச் சொல்லைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பூனை மனிதனிடம் வந்ததும் தானேதான். மேற்காசியாவில் மனிதர்கள் பயிர் செய்து தானியம் சேர்த்து வைத்தார்கள். தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கல்லறையைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டினார்கள். 2004-இல் அந்தச் செய்தி வெளியானது. ஒரு மனிதரின் எலும்புக்கூடு. அதிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, தனக்கென வெட்டிய சிறு குழியில், சுமார் எட்டு மாத வயதுள்ள ஒரு பூனை. சைப்ரஸ் கடல் சூழ்ந்த தீவு, பூனை அதற்குச் சொந்த விலங்கல்ல. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்தவரை மனிதன் பக்கத்தில் படுத்த மிகப் பழைய பூனை அதுதான்.

அடுத்து எகிப்து. அங்கே கல்லறைச் சுவர் ஓவியங்களில் பூனை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கவனித்தால் சிரிப்பு வரும். நக்த் என்பவரின் கல்லறையில் அவருடைய மனைவி தாவியின் நாற்காலிக்கு அடியில் ஒரு பூனை மீன் தின்றுகொண்டிருக்கிறது. மேலே பலகை, சுற்றிலும் கால்கள். இன்றும் நம் வீட்டுப் பூனை கருவாட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போவது நாற்காலிக்கு அடியில்தானே!

அதே எகிப்தில்தான் பூனைக்கென்றே செய்த பெட்டியும் கிடைக்கிறது. அரசர் மூன்றாம் அமென்ஹோதெப்பின் மூத்த மகன் இளவரசர் துட்மோஸ், செல்லப் பூனை இறந்தபோது சுண்ணாம்புக்கல்லில் ஒரு சவப்பெட்டி செய்வித்தார். படையல் மேசைக்கு முன்னால் பூனை அமர்ந்திருப்பது போல அதில் செதுக்கியிருக்கிறார்கள். பூனையின் பெயர் தா-மியூ. பெண்பூனை என்று பொருள். வயது 3,300 ஆண்டுகளுக்கு மேல். அன்பினால் செய்த பெட்டி அது.

பின்னாளில் அந்த அன்பு வியாபாரமாகிவிட்டது. பாஸ்டெட் என்ற பூனைத் தெய்வத்துக்குக் காணிக்கையாகப் பாடம் செய்த பூனை உடல்களை வாங்கிச் செலுத்தும் வழக்கம் பெருகியது. அவற்றை இன்று ஆராய்ந்து பார்த்தால், பல உடல்கள் இளம் பூனைகளுடையவை, கழுத்து முறிக்கப்பட்டவை. விற்பதற்கென்றே வளர்த்துக் கொன்றிருக்கிறார்கள். 1888-இல் பெனி ஹசன் அருகே அப்படிப்பட்ட உடல்கள் குவியலாக வெளிப்பட்டன. 1890-இல் சுமார் 19 டன் கப்பலில் லிவர்பூல் துறைமுகத்துக்குப் போய், வயலுக்கு உரமாக ஏலம் விடப்பட்டது. எத்தனை பூனைகள் தெரியுமா? சுமார் 1,80,000 என்று கணக்கிட்டார்கள்.

மனிதன் பூனைக்குக் கதவு திறந்துவிட்ட கதையும் உண்டு. இங்கிலாந்தின் எக்ஸிடர் பேராலயத்தில் 14, 15-ஆம் நூற்றாண்டுக் கணக்கேடுகளில் பூனைக்கென்று ஒரு செலவு எழுதப்பட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு 13 பென்னி, அதாவது வாரத்துக்கு ஒரு பென்னி. எலி பிடிக்க வைத்திருந்த பூனையின் சாப்பாட்டுப் படி அது. அங்கே வானியல் கடிகாரத்துக்குப் பின்னால் போகும் பழைய மரக்கதவின் அடியில் வட்டமாக ஓர் ஓட்டை இன்றும் இருக்கிறது. பூனை போய்வர வெட்டியது. உள்ளே போவதும் வெளியே வருவதும் பூனையின் விருப்பம்.

இனி நம் ஆசிரியர் கூட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த பூனைக்கு வருகிறேன். பி.எட். படித்தவர்கள் யாரும் தார்ண்டைக்கின் பூனையை மறந்திருக்க முடியாது. முயன்று தவறிக் கற்றல். ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி. தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி!

எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல், 23 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வேட்டைக் கொடுத்தார். சட்டங்களும் பலகைகளும் வைத்துப் புதிர்ப்பெட்டிகள் செய்தார். ஏறக்குறைய 20 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 12 அங்குல உயரம். பசித்த பூனையைத் தூக்கி உள்ளே போட்டுக் கதவை மூடுவார். வெளியே தீனி. கயிற்று வளையத்தை இழுத்தாலோ நெம்புகோலை மிதித்தாலோ கதவு திறக்கும். பூனை சட்டத்தைக் கடிக்கும், இடுக்கில் கையை விடும், கண்டதையெல்லாம் பிறாண்டும். அந்தப் போராட்டத்தில் தற்செயலாகக் கதவு திறந்துவிடும். மறுபடி மறுபடி போட்டால், வெளியே வர எடுக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அந்த நேரங்களை வரைபடமாக்கியதிலிருந்துதான் நாம் மனப்பாடம் செய்த விதிகள் பிறந்தன. கல்வி உளவியல் என்ற துறைக்கே அது ஓர் அடிக்கல்.

இப்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். பெட்டியைக் கண்டால் ஓடிப்போய் உட்காரும் அதே விலங்குதான் இங்கே பெட்டியிலிருந்து தப்பிக்க உயிரைக் கொடுத்துப் போராடுகிறது. எங்கே வேறுபாடு? பலகைக்கும் அட்டைக்கும் உள்ள வேறுபாடா? இல்லை. ஒன்றில் பூனை தானே நுழைந்தது. இன்னொன்றில் அதைத் தூக்கிப் போட்டுத் தாழ்ப்பாள் போட்டார்கள்.

இதை அந்தக் காலத்திலேயே ஒருவர் கேட்டார். கனடாவில் மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்லி மில்ஸ். 1899-இல் தார்ண்டைக்கை மறுத்து எழுதினார். ஒரு மனிதனை அவன் விருப்பமில்லாமல் சவப்பெட்டியில் வைத்து மண்ணுக்குள் இறக்கிவிட்டு, அவன் அங்கே நடந்துகொள்வதைப் பார்த்து மனிதனின் இயல்பான மனம் இதுதான் என்று முடிவு கட்டலாமா என்பது அவர் வாதத்தின் சாரம். தார்ண்டைக்கும் பதில் எழுதினார். தார்ண்டைக்கின் விதிகள் நிலைத்தன, பாடப்புத்தகத்திலும் ஏறின. மில்ஸ் கேட்ட கேள்வி ஏறவில்லை.

அந்தக் கேள்வி வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. எட்வின் கத்ரி, ஜார்ஜ் ஹார்ட்டன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் புதிர்ப்பெட்டிக்குள் ஒரு கம்பத்தை நட்டார்கள். கம்பத்தில் பூனை பட்டால் கதவு திறக்கும். சுமார் 800 முறை பூனைகள் வெளியேறியதைக் கவனித்து, 1946-இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். ஒரே விதமான அசைவை, அதாவது கம்பத்தில் உடம்பை உரசுவதை, பூனைகள் திரும்பத் திரும்பச் செய்தன. இதுதான் கற்றல் என்று அவர்கள் விளக்கினார்கள். 33 ஆண்டுகள் கழித்து, 1979-இல், புரூஸ் மூர், சூசன் ஸ்டட்டார்ட் என்ற இருவர் கம்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். தீனியும் கிடையாது, திறக்கும் கதவும் கிடையாது. அப்போதும் பூனைகள் உரசின, எதிரே மனிதர் கண்ணில் பட்டால். யாரும் இல்லாவிட்டால் உரசவில்லை. பூனை நம் காலில் உரசுமே, அதே வரவேற்புதான் அது. எதிரில் உட்கார்ந்து குறிப்பெடுத்த பேராசிரியர்களுக்குப் பூனைகள் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன! பெட்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள், பெட்டிக்கு வெளியே தாங்கள் இருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பெட்டிப் பூனை என்றதும் இயற்பியல் படித்தவர்கள் ஷ்ரோடிங்கரை நினைப்பீர்கள். 1935-இல் அவர் சொன்ன பூனை எஃகு அறைக்குள், நஞ்சுக் குப்பியோடு, உயிரோடும் இறந்தும் ஒரே சமயத்தில் இருந்த பூனை. பயப்பட வேண்டாம், அது கற்பனைதான். குவாண்டம் கோட்பாட்டைப் பெரிய பொருள்களுக்கு அப்படியே பொருத்தினால் எவ்வளவு விபரீதமான முடிவு வரும் என்று காட்டச் சொன்ன உவமை. அந்தப் பெட்டிக்கும் பூனை தானாகப் போகவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிஞர்கள் இப்படி மூடிய பெட்டிகளைச் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், வணிகர்கள் திறந்த பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். 1871-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ், கண்ணாடிக் குப்பிகளைச் சுற்றி அனுப்ப நெளிவுத் தாளுக்குக் காப்புரிமை பெற்றார். 1879-இல் புரூக்ளினில் ராபர்ட் கேர் என்பவரின் தாள்பைத் தொழிற்கூடத்தில் ஓர் உலோகச் சட்டம் தவறிப் பைகளை வெட்டிவிட்டது. மடிப்பையும் வெட்டையும் ஒரே அழுத்தில் போடலாமே என்று அவருக்குத் தோன்றியது. மடித்தால் பெட்டியாகும் அட்டை அப்படிப் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டில் மரப்பெட்டிகளின் இடத்தை அட்டைப்பெட்டி பிடித்தது. இன்று கைபேசியில் பொத்தானை அழுத்தினால் வாசலுக்கே வருகிறது. பொருளை எடுத்தபின் நமக்குக் குப்பை. பூனைக்கு அது ஒரு குகை.

பூனை பெட்டியை விரும்புவது வெறும் வேடிக்கையா, அதனால் பயன் உண்டா? இதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா விங்கேயும் உடன் பணிபுரிந்தவர்களும் முறையாகச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகள். பத்துக்குக் கூண்டுக்குள் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. உடல் நிலை, காது, கண், வால், மூச்சு இவற்றைப் பார்த்துப் பதற்றத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். மூன்றாம், நான்காம் நாள்களிலேயே பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. மற்றவை அந்த நிலையை எட்ட அதிக நாள் ஆனது. பதினான்காம் நாள் இரண்டு குழுவின் சராசரியும் ஒன்றாகிவிட்டது.

இந்த முடிவில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒளிய இடம் கொடுத்தால் பூனை ஒளிந்தே கிடக்கும், யாரோடும் பழகாது என்றுதான் நமக்குத் தோன்றும். நடந்தது நேர்மாறு. ஒளிய முடிந்த பூனைதான் சீக்கிரம் தெளிந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று நாம் கேலி பேசுகிறோம். உலகம் இருளாதுதான். ஆனால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ள இடம் கிடைத்த பூனைக்கு, மறுபடி கண்ணைத் திறக்கும் துணிச்சல் வந்துவிடுகிறது.

2021-இல் காப்ரியெல்லா ஸ்மித் குழுவினர் வெளியிட்ட இன்னொரு வேடிக்கையான ஆய்வும் உண்டு. ஊரடங்கு நாள்களில் பூனை வளர்ப்பவர்களையே வீட்டில் சோதிக்கச் சொன்னார்கள். தரையில் ஒரு சதுரம். பக்கத்தில் மூலைகளை மட்டும் காட்டி, சதுரம் இருப்பது போல் கண்ணை ஏமாற்றும் வடிவம். இன்னொன்று சதுரமே தோன்றாத வடிவம். 30 பூனைகள் சோதனையை முடித்தன. அவற்றில் ஒன்பது பூனைகள் ஏதாவது ஒன்றில் போய் உட்கார்ந்தன. உண்மைச் சதுரத்தில் 8 முறை, ஏமாற்றுச் சதுரத்தில் 7 முறை, மற்றதில் ஒரே ஒரு முறை. சுவரும் இல்லை, கதகதப்பும் இல்லை. 'இது உள்ளே, அது வெளியே' என்று ஓர் எல்லை தெரிந்தாலே சில பூனைகளுக்குப் போதும் போலிருக்கிறது.

இனி என் சொந்த எண்ணம். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். எல்லோருமே ஏறக்குறையப் பெற்றோர்கள். பூனையின் ஆய்வைப் பிள்ளைக்கு அப்படியே பொருத்தக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வகுப்பறையும் நாலு சுவரும் ஒரு கதவும் உள்ள பெட்டிதான். புதிதாக வந்து சேர்ந்த பிள்ளை கடைசிப் பெஞ்சில் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் நம் கை துறுதுறுக்கும். "முன்னால வா, வாயைத் திற, பேர் சொல்லு" என்று இழுப்போம். தைரியம் ஊட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்வோம்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அப்பா இறந்து, தாத்தா ஊருக்கு வந்து, ஆண்டின் நடுவில் சேர்ந்தவன். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சின்ன இடம். தினமும் அங்கேதான் போய் உட்காருவான். நான் அவனை எழுப்பவில்லை. வருகைப் பதிவுக்கு அவன் கையைத் தூக்கினால் போதும் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரம், இந்திய வரைபடத்தை மாட்ட ஆள் வேண்டும் என்று பொதுவாகக் கேட்டேன். அவனே எழுந்து வந்தான். அதன்பிறகு வரைபடம் மாட்டும் வேலையை அவன் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். நன்றாக இரு, தம்பி.

கடைசியாக, வீட்டில் பூனை வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பெட்டியிலுள்ள பின் ஊசி, பசைநாடா, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சத்தமில்லாத மூலையில் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். ஒரு பழைய துணியைப் போட்டால் நல்லது. பூனை உள்ளே இருக்கும்போது கையை விட்டு இழுக்காதீர்கள். குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். வழக்கமாக ஓடியாடும் பூனை திடீரென்று சாப்பிடாமல் மறைவிலேயே கிடந்தால், அது உடம்பு சரியில்லாததன் அறிகுறியாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி பெட்டியைத் திறந்தே வையுங்கள். வர வேண்டிய நேரத்தில் அது வரும்.

உங்கள் வீட்டுப் பூனை எந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்